பேங்காக்கில் டாக்சி பிடிப்பது எப்படி? மலையிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்கு

குன்னூரிலோ கோத்தகிரியிலோ டாக்சி பிடிக்க நமக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். ஸ்டாண்டுக்குப் போவோம், போக வேண்டிய ஊரைச் சொல்வோம், "எவ்வளவு?" என்று கேட்போம், ஐம்பதோ நூறோ குறைத்துப் பேசி முடித்த பிறகே கதவைத் திறப்போம். வண்டியில் மீட்டர் கிடையாது. ஓட்டுநரும் பல நேரங்களில் முகம் தெரிந்தவராகவே இருப்பார். மலைக்கு இந்த முறை பொருத்தமானதுதான். ஆனால் பேங்காக்கில் நம்மை ஏமாற வைப்பது இதே பழக்கம்தான். அங்கே ஏறுவதற்கு முன்பு "எவ்வளவு?" என்று கேட்கிறவர், மீட்டர் போடாமல் வருவதற்குத் தாமே சம்மதம் தந்துவிடுகிறார்.

நான் முதன்முறை சென்றபோது, ஒரு பெரிய கடைவளாகத்தின் வாசலில் நின்ற டாக்சியிடம் நம் ஊர் வழக்கப்படி விலை கேட்டேன். 300 பாட் என்றார். 250-க்குப் பேசி முடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். மறுநாள் அதே தூரம் மீட்டரில் 80 பாட்டைத் தாண்டவில்லை. ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கும் மேல் என்பதால், என் பேரத்தின் நஷ்டத்தை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

முதல் படி: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

விடுதியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாய்லாந்து மொழியின் எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொள்ளுங்கள். விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தாய்லாந்து மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். ஆங்கில எழுத்தில் இருக்கும் ஊர்ப்பெயரை நாம் படித்துச் சொல்லும்போது, பத்து முறை சொன்னாலும் ஓட்டுநருக்கு அது புரியாமல் போகலாம். தொலைபேசி எண் இருந்தால், வழி தெரியாத ஓட்டுநர் விடுதிக்கே பேசிக் கேட்டுக்கொள்வார்.

இடங்களுக்கு உள்ளூரில் வழங்கும் பெயரையும் தெரிந்துகொள்வது நல்லது. பேங்காக் செல்லும் தமிழர்கள் பலரும் தேடிப் போகும் மாரியம்மன் கோயில் சீலோம் சாலையில் இருக்கிறது. "மாரியம்மன்" என்றால் ஓட்டுநர் விழிக்கக்கூடும். "வாட் கேக், சீலோம்" என்றால் உடனே தலையசைப்பார். வாட் என்பது கோயில். கேக் என்பது விருந்தாளியையும் நம்மைப் போன்ற இந்தியரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்.

பெரிய சாலையிலிருந்து பிரியும் தெருக்களைச் "சோய்" என்கிறார்கள். அவற்றுக்கு எண் உண்டு. சுகும்வித் சாலையில் ஒற்றைப்படை எண்கள் வடபக்கத்திலும் இரட்டைப்படை எண்கள் தென்பக்கத்திலும் இருக்கின்றன, ஆனால் இரு பக்க எண்களும் ஒத்து ஓடுவதில்லை. 55-ஆம் சோய்க்கு எதிரே இருப்பது 38-ஆம் சோய். ஆகவே "அந்த எண்ணுக்கு எதிர்ப்பக்கம்தானே" என்று ஊகித்து இறங்கிவிடாமல், சரியான எண்ணைக் காட்டுங்கள்.

டாக்சி அழைக்க உதவும் கிராப், போல்ட் ஆகிய செயலிகளை ஊரில் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். பதிவுக்கான ஓடிபி நம் இந்திய எண்ணுக்கு வரும். அங்கே போய் சிம் கார்டை மாற்றிய பிறகு அதற்காகத் தவிக்க வேண்டாம்.

இரண்டாம் படி: விமான நிலையத்திலிருந்து நகருக்கு

சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ புறப்படும் விமானம் உங்களைச் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறக்கினால், வெளிவரும் இடம் இரண்டாம் தளமாக இருக்கும். அங்கேயே "டாக்சி, டாக்சி" என்று அருகில் வந்து அழைப்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் முதல் தளத்துக்கு இறங்குங்கள். அங்கு வாசலுக்கு வெளியே வரிசையும், சீட்டு அச்சிடும் இயந்திரங்களும் இருக்கும். சீட்டில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணிட்ட இடத்தில் நிற்பதுதான் உங்கள் வண்டி. அந்தச் சீட்டைப் பயணம் முடியும்வரை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் நீங்களே வைத்திருங்கள், அல்லது படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் சொல்ல நேர்ந்தாலோ பையை மறந்துவிட்டாலோ உதவப்போவது அதுதான்.

பெட்டிகளைப் பற்றி ஒரு சொல். பேங்காக் டாக்சிகளில் பல எரிவாயுவில் ஓடுபவை. சிலிண்டர் டிக்கியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் பாதி இடம் அதற்கே போய்விடும். நான்கு பேரும் நான்கு பெரிய பெட்டிகளும் சாதாரண காரில் அடங்கமாட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பம் பெரிய வண்டிகளுக்கான வரிசையில் சீட்டு எடுப்பதே சரி. நம் ஊரில் போல் மேலே கேரியரில் கட்டிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

கட்டணம் மூன்று பகுதிகளாக வரும். முதலாவது மீட்டர் காட்டும் தொகை: சாதாரண காருக்கு முதல் கிலோமீட்டருக்கு 35 பாட், அதன்பின் கிலோமீட்டருக்கு ஆறரை பாட் என்று தொடங்கித் தூரம் கூடக்கூட வீதமும் கூடும், நெரிசலில் நிற்கும் நேரத்துக்கும் ஓடும். இரண்டாவது, விமான நிலையத்தில் ஏறியதற்கான 50 பாட். இது ஏமாற்று அல்ல, முறையான கட்டணம்தான். மூன்றாவது, விரைவுச்சாலையின் டோல். இதைப் பயணியே தர வேண்டும். சாவடி வரும்போது ஓட்டுநர் கையை நீட்டுவார். நகரின் நடுப்பகுதிக்கு முப்பது கிலோமீட்டர் அளவில் வரும் இந்தப் பயணம், எல்லாம் சேர்த்துச் சாதாரணமாக 400 பாட்டை ஒட்டி முடியும். சாலை அடைத்துக் கிடந்தால் சற்றுக் கூடும்.

ஏறியதும் "மீட்டர்" என்று ஒரே சொல்லைச் சொல்லிப் புன்னகை செய்யுங்கள். அவர்களும் ஏறத்தாழ அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். சிவப்பு எண்களில் 35 தோன்றுகிறதா என்று பார்த்த பிறகு இருக்கையில் சாய்ந்து கொள்ளலாம். வண்டி நகரத் தொடங்கியும் மீட்டர் இருட்டாகவே இருந்தால், அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில்லறை மிக முக்கியம். பணம் மாற்றும் இடத்தில் 1000 பாட் தாள்களாகவே தருவார்கள். அதை டாக்சியில் நீட்டினால் மீதி இல்லை என்ற பதில்தான் வரும். அங்கேயே இருக்கும் ஏதேனும் சிறு கடையில் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கி, 20, 100 பாட் தாள்களாக மாற்றிக்கொண்டு வரிசைக்குப் போங்கள். குன்னூர்க் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரையும் அங்கேயே கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம்.

மூன்றாம் படி: தெருவில் வண்டியை நிறுத்துவது

அங்கும் வண்டிகள் இடப்பக்கமாகவே செல்வதால், நடைபாதையில் நின்று நம் ஊர்ப் பேருந்தை நிறுத்துவதுபோலவே நிறுத்தலாம். உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை நீட்டி மெல்ல அசைப்பதே அங்குள்ள வழக்கம். முன்கண்ணாடியின் உள்ளே சிவப்பு விளக்கில் ஒரு தாய்லாந்து எழுத்துச் சொல் எரிந்தால் வண்டி காலி என்று பொருள். அந்தச் சொல்லின் உச்சரிப்பு "வாங்". நம்மை "வாங்க" என்று அழைப்பதாகவே நினைத்துக்கொண்டால் மறக்காது.

எந்த வண்டியை நிறுத்துவது என்பதில்தான் அனுபவம் வேலை செய்யும். பேங்காக்கின் பெரிய அரண்மனை வாசலிலும், பெரிய விடுதிகள், கடைவளாகங்கள் முன்பும் காத்து நிற்கும் வண்டிகளில் பல, மீட்டர் போடாத பயணிக்காகவே நிற்பவை. நூறடி நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துங்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த வண்டி, ஓட்டுபவரே உரிமையாளராக இருப்பது. ஒரே நிறத்தில் வருபவை நிறுவனம் அல்லது கூட்டுறவு வண்டிகள். மீட்டர் போடுவதில் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நின்ற வண்டியில் உடனே ஏறாமல், கதவைத் திறந்து இடத்தைச் சொல்லுங்கள். ஓட்டுநர் தலையை ஆட்டி மறுத்தால் கோபப்பட வேண்டாம். மறுப்பது விதிப்படி தவறுதான். ஆனால் பிற்பகலில் வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரம் வந்துவிட்டாலோ, போகும் சாலை நெரிசலில் சிக்கியிருந்தாலோ அவர்கள் மறுப்பது அன்றாட வழக்கம். இரண்டு மூன்று வண்டிகளைக் கேட்ட பிறகே ஒன்று அமையும் என்று எண்ணிக்கொண்டு நின்றால் மனம் அமைதியாக இருக்கும். வழியில் "அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த "வேறு இடம்" பெரும்பாலும் ரத்தினக் கடையாக இருக்கும். துக்துக் எனப்படும் ஆட்டோவுக்கு மீட்டர் கிடையாது. அதில் மட்டும் நம் மலை முறைப்படி முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

வண்டியின் முன்பகுதியில் ஓட்டுநரின் படமும் பெயரும் கொண்ட அட்டை இருக்கும். கதவில் வண்டியின் எண் எழுதியிருக்கும். பெண்கள் தனியாகப் போகும்போது அந்த எண்ணைப் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிடலாம். டாக்சி குறித்த புகாருக்கு 1584, சுற்றுலாக் காவல்துறைக்கு 1155.

செயலியில் அழைப்பது

இதில் விளக்க அதிகம் இல்லை. விலை முன்பே தெரியும், இடத்தைச் சொல்லத் தேவையில்லை, பணமாகவும் தரலாம். மீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாக வரும், மழை நேரத்தில் நிறையவே கூடும். முதியவர்களோடு போகிறவர்களுக்கு, இரவு நேரத்தில், நான் இதையே சொல்வேன். ஆனால் காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில் எந்த வண்டியானாலும் சாலையில் அப்படியே நின்றுவிடும். மேட்டுப்பாளையம் மலைச்சாலையில் மே மாதத்துக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த நேரங்களில் தலைக்கு மேல் ஓடும் மின்ரயிலில் போய், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போதும் ஊர் திரும்பும்போதும்

மீட்டர் 87 காட்டினால் 90 கொடுத்துவிட்டு இறங்குவது வழக்கம். அதற்கு மேல் தருவது உங்கள் விருப்பம். கதவைத் திறப்பதற்கு முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். காருக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள சந்தில் மோட்டார் சைக்கிள்கள் வேகமாக வரும்.

திரும்பும் நாளில், பயணச்சீட்டில் எந்த விமான நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டோன் முவாங் என்ற இன்னொன்றும் உண்டு, அது நகரின் வேறு பக்கத்தில் இருக்கிறது. நகரிலிருந்து விமான நிலையம் போகும்போது அந்த 50 பாட் கிடையாது, மீட்டரும் டோலும் மட்டுமே. இன்னொன்று: நாம் அழுத்தந்திருத்தமாகச் "சுவர்ணபூமி" என்று சொன்னால் ஓட்டுநருக்குப் புரியாமல் போகலாம். அவர்கள் அதைச் "சுவன்னபூம்" என்றுதான் சொல்கிறார்கள்.