லாட்ஜ் வைத்தியரிடம் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வேலூர்ப் பக்கம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளில் சரியாகக் கண் மட்டத்தில் ஒட்டியிருப்பார்கள்: ஆண்மைக்குறைவு, நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், மாதம் ஒருமுறை இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகை. போகாதீர்கள். காசு போவது ஒரு பக்கம் இருக்கட்டும், நிஜமான காரணம் உடம்பில் எங்கேயோ வளர்ந்துகொண்டிருக்க நீங்கள் லேகியத்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டிவிடுவீர்கள். சில லேகியங்களில் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையையே பொடித்துக் கலந்துவிடுகிறார்கள், அப்புறம் முதல் நாளே 'வேலை செய்யுது' என்று ஏன் சொல்ல மாட்டார்கள்?

முதலில் உங்கள் பிரச்சனை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆசையே வரவில்லையா, ஆசை இருந்தும் விறைப்பு வரவில்லையா, வந்தும் நிற்கவில்லையா, சீக்கிரம் முடிந்துவிடுகிறதா? நாலும் வேறு வேறு சங்கதி, வைத்தியமும் வேறு. அடுத்தது, விடியற்காலையில் எழும்போது தானாக விறைப்பு இருக்கிறதா என்று சில நாள் கவனியுங்கள். இருக்கிறது, ஆனால் மனைவியோடு இருக்கும்போது மட்டும் தகராறு, அதுவும் திடீரென்று ஆரம்பித்தது என்றால் பெரும்பாலும் பயம், கடன், சண்டை, புதுக் கல்யாணப் பதற்றம் இந்தப் பக்கம்தான். காலை விறைப்பும் மெல்ல மெல்லக் குறைந்து போய்விட்டது என்றால் உடம்பைப் பார்த்தாக வேண்டும்.

உடம்பு என்றால் முதல் சந்தேகம் சுகர் மேல்தான். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்பையும் கெடுக்கும், ரத்தக்குழாயையும் கெடுக்கும். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், இதயத்துக்குப் போவது மூன்று நான்கு மில்லிமீட்டர். அடைப்பு இரண்டிலும் சேர்ந்தேதான் ஏறுகிறது, சின்னக் குழாயில் முதலில் தெரிகிறது. நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடம் முன்னாலேயே விறைப்புக் குறைவது இதனால்தான். நாற்பது வயதில் இந்தத் தொந்தரவு வந்தால் வெட்கப்படுவதை விட்டுவிட்டு பிரஷர், கொழுப்பு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்றையும் பாருங்கள். எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் சுகர் வந்துவிட்டது. சுகரும் பிரஷரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், அதற்கு மேல் தேவைப்பட்டால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியோ சிஎம்சியோ இருக்கவே இருக்கிறது.

அப்புறம், வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேஜையில் பரப்பி ஒரு போட்டோ எடுங்கள். பிரஷருக்கான அட்டெனொலால், நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின், பாராக்சிடின், முடி கொட்டாமல் இருக்க ஃபினாஸ்டெரைடு, இவை எல்லாமே சிலருக்கு ஆசையையோ விறைப்பையோ குறைக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், அட்டெனொலாலைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. போட்டோவை டாக்டரிடம் காட்டினால் மாற்று மருந்து தருவார்.

தூக்கத்தைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, பகலில் தகரக் கூரைக்குக் கீழே வேலூர் வெயிலில் புரண்டு கிடப்பவருக்கு ஆசை எங்கிருந்து வரும்? பயங்கரமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு அடைப்பவர்கள் அதையும் காட்ட வேண்டும். பீடி, சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். தினமும் குவார்ட்டர் போடுகிறவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும்.

பெண்களுக்கு வரும்போது கேள்வியே வேறு. 'ஆசை இல்லை' என்று சொல்வதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து வறட்சி வரும், வறட்சியால் வலி, வலியால் பயம். ஜெல்லோ கிரீமோ வாங்கித் தீர்க்க வேண்டியதைக் குணத்தில் குறையாகப் பேசுகிறார்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். ஒற்றைக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருக்கும் வீட்டில் எந்த மாத்திரையும் வேலை செய்யாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகாத தம்பிகளுக்கு: தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, சுய இன்பத்தால் நரம்பு தளராது, விந்து ரத்தத்திலிருந்து வடிகட்டி வருவதும் இல்லை. அந்தப் பயத்தை விதைத்துத்தான் லாட்ஜ் அறை வாடகை கட்டுகிறார்கள்.

டாக்டர் சில்டெனாஃபில் எழுதிக்கொடுத்தால், உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால். ஆம்பூர் பிரியாணியை ஒரு கட்டுக் கட்டிவிட்டுப் போட்டால் வேலை தாமதமாகும், கொழுப்பு அதை மெல்லத்தான் ஏற விடும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, பிரஷர் பாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் நண்பன் பெயரில் வாங்குகிறவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்குப் பரிசோதனை என்றால் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில். ஒருமுறை குறைந்தால் இன்னொரு நாள் திரும்பப் பாருங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் ஜிம்மில் யாரோ சொன்னார் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள், விந்தணு உற்பத்தியே படுத்துவிடும்.