ட்ரொம்சோல அரோரா பாக்குறது எப்படி

அரோரா, அதாவது துருவப் பக்கம் ராத்திரி வானத்துல ஆடுற கலர் வெளிச்சம், அத பாக்க கெளம்புற எல்லாரும் மொதல்ல கேக்குறது "கேபி எவ்ளோ இருக்கணும்"னு தான் (கேபின்னா பூமியோட காந்தப்புலம் எவ்ளோ கலங்கியிருக்குன்னு 0-ல இருந்து 9 வரைக்கும் சொல்ற அளவு, ஏற ஏற அரோரா பலமா இருக்கும்). நார்வேல ட்ரொம்சோ போறீங்கன்னா அந்த கவலையே வேணாம், ஊர் இருக்குறதே கிட்டத்தட்ட 70 டிகிரி வடக்குல, அரோரா வழக்கமா வர்ற வளையத்துக்கு அடியிலயே, கேபி 2 இருந்தாலே தெரிஞ்சிரும். இங்க வில்லன் மேகம்தான்.

1. மாசம்: செப்டம்பர் கடைசில இருந்து மார்ச் கடைசி வரைக்கும் ஓகே. நவம்பர் கடைசில இருந்து ஜனவரி பாதி வரைக்கும் சூரியன் உதிக்கவே உதிக்காது, ராத்திரி நீளம்தான், ஆனா என் ஓட்டு பிப்ரவரி, மார்ச்சுக்கு, பகல்லயும் ஊர் சுத்தலாம்ல. ஒரு ராத்திரிய நம்பி போகாதீங்க, 4 ராத்திரியாவது தங்குங்க.

2. மேகம்: 'யர்' ஆப்ப போட்டுக்கோங்க, நார்வே வானிலை துறையோடது. சாயங்காலம் மேக மேப்ப பாத்துட்டு எந்தப் பக்கம் ஓட்டை இருக்கோ அந்தப் பக்கம் போகணும், அவ்ளோதான் வித்தை. கடல் ஓரம் மூடிக்கிட்டு இருந்தா மலை தாண்டி உள்ள ஸ்கிபோட்ன், அதுவும் இல்லன்னா பார்டர் தாண்டி பின்லாந்துல கில்பிஸ்யார்வி, அங்கெல்லாம் வானம் தெளிவா இருக்க சான்ஸ் அதிகம். பனி ரோட்டுல ஓட்டி பழக்கமில்லன்னா காசு போனா போகுதுன்னு டூர் வேன்ல ஏறிடுங்க.

3. கண்டுபிடிக்கிறது: போட்டோல பாக்குற பச்சைய எதிர்பாத்து நின்னா ஏமாந்துருவீங்க. ஆரம்பத்துல சாம்பல் கலர்ல மெல்லிசா மேகம் மாதிரி ஒரு கோடு, அவ்ளோதான். சந்தேகமா இருந்தா போன்ல நைட் மோட் வெச்சு 3 செகண்ட் எடுத்துப் பாருங்க, பச்சையா வந்தா அதேதான். வேகம் பிடிச்சு ஆட ஆரம்பிச்சா வெறும் கண்ணுக்கே பச்சை தெரியும், ஓரத்துல பிங்க் கூட வரும்.

4. கேமரா: ட்ரைபாட் கட்டாயம். ஒரு பிரகாசமான நட்சத்திரத்த வெச்சு மேனுவல் ஃபோகஸ், ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, 8 செகண்ட்ல ஆரம்பிங்க, வேகமா ஆடுனா 2 செகண்டுக்கு இறக்கிடுங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் படுத்துரும், ஸ்பேர ஜாக்கெட் உள்பாக்கெட்ல வைங்க.

5. டிரஸ்: உடம்ப ஒட்டி கம்பளி, காட்டன் வேண்டவே வேணாம். பூட்ஸ் ஒரு சைஸ் பெருசா, உள்ள விரல் அசையணும்.

அப்புறம், 10 நிமிஷம் ஆடிட்டு அடங்கிருச்சுன்னு உடனே வண்டில ஏறிடாதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கெளம்பலாம்.