சேம்பருக்குள் போகும் முன்: தாங்குதிறன் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரேடியோ அலை, மின்பொறி போன்ற தொந்தரவுகளை ஒரு மின்னணுப் பொருள் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் தாங்குதிறன் சோதனை. போன வாரம் அதற்காகச் சோதனைக்கூடத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முந்தைய இரண்டு இளைஞர்கள் தங்கள் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சேம்பருக்குள் (ரேடியோ அலை வெளியே கசியாத அறை) வைத்துவிட்டு, வெளியே கேமரா திரையில் அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விளக்கு அணையலைன்னா பாஸ்தானே சார்?" என்று ஒருவர் டெக்னீஷியனிடம் கேட்டார். ஒரு காலத்தில் அதே கேள்வியை அதே நம்பிக்கையோடு கேட்டவன் நான்.

கேபிளைச் செருக மறப்பது, சார்ஜர் எடுத்துவராமல் போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஒரு முறை செய்தால் தானாகவே திருந்திவிடுவோம்.

எது ஃபெயில் என்று எழுதாமல் போவது

பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். ஏ என்றால் சோதனையின் போதே வழக்கம்போல் இயங்க வேண்டும். பி என்றால் தடுமாறலாம், ஆனால் தானாகவே மீள வேண்டும். சி என்றால் யாராவது வந்து ரீசெட் செய்யலாம். பலரும் பி என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கேபிள் வழியாக ஏற்றப்படும் வேகமான பல்ஸ் கூட்டம் (அடுத்தடுத்த மின்துடிப்புகள்) பட்டு உங்கள் ஹீட்டர் ரீசெட் ஆகிறது, பிறகு தானாகவே சூடேற்றத் தொடங்குகிறது என்று வையுங்கள். காகிதத்தில் அது 'மீண்டுவிட்டது'. பயனர் அதை அணைத்துவிட்டுப் போயிருந்தால்? "ரீசெட்டுக்குப் பின் ரிலே திறந்தே இருக்க வேண்டும்" என்பது போன்ற வரியை, அதாவது ஹீட்டருக்கு மின்சாரம் தரும் சுவிட்ச் அணைந்தே இருக்க வேண்டும் என்பதை, நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் பொருளில் எது ஆபத்து என்று சோதனைக்கூடத்துக்குத் தெரியாது.

ஒவ்வொரு அலைவரிசையிலும் நிற்கும் நேரத்தைச் சுருக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும், முதலில் என் மேல்தான்.

ரேடியோ அலையைப் பொருளின் மேல் பாய்ச்சிப் பார்க்கும் ஐஇசி 61000-4-3 சோதனையில் 80 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, 1 சதவீதம் 1 சதவீதமாக அலைவரிசையை ஏற்றிக்கொண்டே போவார்கள். 1 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே சுமார் 255 படிகள். ஒரு படியில் 1 நொடி நின்றால், நான்கு பக்கம், ஆன்டெனா கிடையாகவும் செங்குத்தாகவும் என எட்டுச் சுற்றும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் முடிந்துவிடும். குறைந்தது அரை நொடி என்று தரநிலையில் இருப்பதை எல்லோரும் படிக்கிறார்கள். பொருள் இயங்கி எதிர்வினை காட்டத் தேவையான நேரத்துக்குக் குறையக் கூடாது என்று அதிலேயே இருப்பது மட்டும் கண்ணில் படுவதில்லை.

எங்களுடையது வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. தெர்மிஸ்டர் (வெப்ப சென்சார்) அளவு திரையில் நடுங்காமல் இருக்க, ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) 30 நொடிக்குச் சராசரி எடுக்கும். சேம்பர் வாடகை மணிக்கணக்கு. "1 நொடி போதும்" என்று நானே சொன்னேன். திரையில் 60 டிகிரி. நடுவே ஒரு முறை 59 காட்டி மீண்டும் 60க்கு வந்தது. வெப்பம் என்றால் அப்படித்தான் ஆடும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பாஸ்.

சில மாதம் கழித்து, கருவி வைத்திருந்த இடத்தில் ஒருவர் அதன் மேல் கையூன்றியபடி வாக்கி-டாக்கியில் நீளமாகப் பேசியிருக்கிறார். காட்டிய வெப்பநிலை சரசரவென்று இறங்கியது. கருவியோ குளிர்ந்துவிட்டதாக நம்பி ஹீட்டரை விடாமல் ஓட்டியது. தனியாகப் போட்டிருந்த வெப்ப ஃப்யூஸ் அறுந்ததால் தப்பித்தோம்.

கைக்கருவி அவ்வளவு அருகில் இருந்தால் ரேடியோ புலத்தின் வலிமை சோதனை அளவைத் தாண்டிவிடும் என்று வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. பழைய அளவிலேயே, மீட்டருக்கு 10 வோல்ட்டில், அந்த 59 வந்த இடத்தில் நிறுத்திக் காத்திருந்தோம். அரை நிமிடத்தில் திரை 41 காட்டியது. சென்சார் கேபிள் ஆன்டெனாவாகி, ஆப்-ஆம்ப் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் சிப்) உள்ளீடு அந்த ரேடியோ அலையை டிசி மின்னழுத்தமாக மாற்றியிருக்கிறது. மோசமான அலைவரிசையை நாங்கள் இரண்டே நொடியில் கடந்துவிட்டதால், 30 நொடிச் சராசரி அதை ஒரு டிகிரியாகக் கரைத்துவிட்டது. ஆப்-ஆம்ப் காலருகே ஒரு 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர், கேபிள் நுழைவில் ஒரு ஃபெரைட் (ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள்), அவ்வளவுதான் மருந்து. அதற்காக வெளியே போயிருந்த சர்க்யூட் பலகைகளையெல்லாம் திரும்ப வரவழைத்தோம்.

ஒவ்வொரு படியிலும் 35 நொடி நின்றால் எட்டுச் சுற்றுக்கும் 20 மணி நேரம் ஆகும். யாராலும் முடியாது. சராசரிக்கு முந்தைய எண்ணை ஆப்டிகல் ஃபைபர் வழியாக வெளியே அனுப்பும் சோதனை ஃபர்ம்வேரை எடுத்துச் செல்லுங்கள். அப்போது இரண்டு மூன்று நொடி போதும். பச்சை விளக்கு போதாது.

ஸ்டாட்டிக் அடிகளுக்கு இடையே மின்னூட்டத்தை வடிக்காதது

ஸ்டாட்டிக் அடி என்பது உடலில் தேங்கிய மின்னூட்டம் பொறியாகப் பாய்வதைப் போன்றது. எர்த் இல்லாத பொருளில் முதல் அடியின் மின்னூட்டம் அங்கேயே தங்கிவிடும். ஏற்கெனவே ஏறி நிற்கும் பொருளில் அடுத்த அடி சரியாக விழாது. இரு முனையிலும் 470 கிலோ ஓம் உள்ள வடிகால் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். பத்து அடி தாங்கியது என்று நான் ஒரு முறை எழுதியது உண்மையில் ஒரே அடி.

மிச்ச கேபிளைச் சுருட்டி வைப்பது

சுருள் ஒரு இண்டக்டர்; வேகமான தொந்தரவை அதுவே தடுத்துவிடும். மடித்து வையுங்கள்.

சர்ஜை முதலில் வைப்பது

சர்ஜ் என்பது மின்னல் போன்ற பெரிய மின் அதிர்ச்சி; பொருளையே எரித்துவிடலாம். கடைசியில் வையுங்கள். ஒரே ஒரு மாதிரியோடு வந்திருந்தால் கட்டாயம் கடைசியில்.

பாஸான பிறகு பாகம் மாற்றுவது

ரெகுலேட்டர் இப்போது வேறு கம்பெனியுடையதா? அப்படியென்றால் அது வேறு பொருள். மறுபடியும் சேம்பர்.