டக் டக் என்கிறது, பற்ற மாட்டேன் என்கிறது

எங்கள் வீட்டு அடுப்பு மூன்று பர்னர், மேலே கண்ணாடி, நாப்பை அழுத்தித் திருப்பினால் தானே பற்றும் ரகம். ஒரு நாள் பால் பொங்கி வழிந்தது. மறுநாளிலிருந்து இடது பர்னரில் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான், தீ இல்லை. ரிப்பேருக்கு வந்தவர் பார்த்த மாத்திரத்தில் "இக்னைட்டர் போச்சும்மா, செட்டா மாத்தணும்" என்று 850 ரூபாய் கேட்டார். இக்னைட்டர் என்றால் தீப்பொறி கிளப்பும் பாகம். "லைட்டர் இருக்கும்போது எதுக்கு அந்தக் காசு?" என்றார் மாமியார். நியாயம்தான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அன்று ராத்திரி நானே உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி என்பதில் விஷயம் இருக்கிறது. முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் தீர, ஒரு பர்னரை லைட்டரால் பற்ற வைத்துத் தானாக அணையும்வரை விடுங்கள். ஜன்னலைத் திறந்து சற்று நேரம் பொறுங்கள். அப்புறம் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு நாப்பைத் திருப்புங்கள். பர்னர் பக்கத்தில் வெள்ளைப் பீங்கானுக்குள் ஒரு கம்பி நிற்கும். அதன் நுனியிலிருந்து பர்னருக்கு நீலப் பொறி தாவ வேண்டும். பகல் வெளிச்சத்தில் இதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது.

நுனியில் பொறி நன்றாக வந்தால் இக்னைட்டர் மேல் குற்றமில்லை. பர்னர் மூடி கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது துளைகள் அடைத்திருக்கும். ஊக்கால் குத்திச் சுத்தம் செய்தால் போதும்.

என் அடுப்பில் பொறி வந்தது, ஆனால் நுனியில் இல்லை, பீங்கானின் அடியில். கருகிய பால் அங்கே ஒட்டிக்கிடந்தது. கரி மின்சாரத்தைக் கடத்துமல்லவா, பொறி அந்தக் குறுக்கு வழியில் போய்விட்டது. பழைய பல் துலக்கும் பிரஷில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி, ராத்திரி முழுக்கக் காய விட்டேன். ஈரம் இருந்தாலும் இதே கோளாறுதான் வரும், அவசரப்படாதீர்கள். கம்பி நுனியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். துடைத்த பிறகும் பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்து, பொறி அதன் வழியே தெறித்தால் அந்தக் கம்பியை மட்டும் மாற்றினால் போதும்.

நுனிக்கும் பர்னருக்கும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கலாம். நான் இரண்டு மரத் தீக்குச்சிகளைச் சேர்த்து வைத்து அளந்தேன். விலகியிருந்தால் கம்பியை, பீங்கானை அல்ல, மெல்ல வளைக்க வேண்டும். பீங்கான் சட்டென்று உடையும்.

சில அடுப்புகளில் பர்னர் அருகே இரண்டு கம்பிகள் இருக்கும். ஒன்றுதான் பொறிக்கு. மற்றது தீ அணைந்தால் கேஸை நிறுத்துவதற்கான உணரி. அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், வளைக்கவும் வேண்டாம்.

பொறியே இல்லையென்றால்? பேட்டரி போடும் அடுப்பில் எல்லா பர்னரும் ஒன்றாக மக்கர் செய்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். ஒன்று மட்டும் என்றால் ஒயரைப் பாருங்கள். அம்மா வீட்டில் எலி கடித்து வைத்திருந்தது. பேட்டரி இல்லாத ரகத்தில் 'டக்' சத்தமே வராவிட்டால் கோளாறு நாப்புக்குள், கேஸ் வால்வோடு சேர்ந்த பாகத்தில். அங்கே நான் கை வைக்க மாட்டேன், நீங்களும் வேண்டாம். அதற்குத்தான் மெக்கானிக்.

மறுநாள் காலை ரெகுலேட்டரைத் திறந்து, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழி இல்லை. இரண்டாவது திருப்பலில் தீ வந்தது. மூன்று நான்கு விநாடியில் பற்றாவிட்டால் மூடிவிட்டுக் காத்திருங்கள்; கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து கேஸ் அவசர உதவி எண் 1906க்கு அழையுங்கள்.

மாமியார் இன்னமும் லைட்டரில்தான் பற்ற வைக்கிறார்.