ஒரு பெரும் சண்டையை நூல் பிடித்துப் படிப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு விடைத்தாளில் ஸ்டாலின்கிராட் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே வரிதான் வரும். "ஹிட்லரின் பிடிவாதத்தாலும் ரஷ்யாவின் கடுங்குளிராலும் ஜெர்மனி தோற்றது. இது இரண்டாம் உலகப்போரின் திருப்புமுனை." பத்தொன்பது வருடமாக வரலாறு நடத்துகிறேன். இந்த வரிகளை எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு, "சரி, அந்த ஊருக்கு ஜெர்மன் படை எதுக்குப் போச்சு?" என்று கேட்டால் பேசாமல் நிற்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் காரணம், விளைவு என்று எதை எழுதினாலும் அது மனப்பாடம்தான்.

காரணம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தச் சண்டை ஏன் இங்கே நடந்தது? ஏன் இப்படி முடிந்தது? நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். பிள்ளைகள் செய்கிற குழப்பத்தில் பாதி இந்தக் கோட்டிலேயே தீர்ந்துவிடும்.

முதல் கேள்விக்கு அட்லஸ் வேண்டும், ஒரு முழம் நூல் வேண்டும். நூலின் ஒரு முனையைக் காஸ்பியன் கடற்கரையில் பாக்கு நகரத்தில் வையுங்கள். அன்றைக்குச் சோவியத் நாட்டின் எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. நூலை வடக்கே கடல் வழியாக இழுத்தால் வோல்கா ஆற்றின் முகத்துவாரம் வரும். ஆற்றோடு மேலே போங்கள். வோல்கா மேற்குப் பக்கமாக வளைந்து, டான் ஆற்றை நெருங்கி வருகிற இடத்தில் நூல் நிற்கும். ஸ்டாலின்கிராட் அங்கேதான் இருக்கிறது; இன்றைய அட்லஸில் வோல்கோகிராட் என்று போட்டிருக்கும். எண்ணெய் ஏற்றிய படகுகள் அந்த ஊரைத் தாண்டித்தான் வடக்கே போயாக வேண்டும். டிராக்டர் ஆலையில் டாங்கிகள் செய்துகொண்டிருந்த தொழில் நகரமும்கூட.

ஜெர்மனிக்குச் சொந்த எண்ணெய் மிகக் குறைவு. ருமேனியாவின் புளோயெஷ்டி கிணறுகளையும், நிலக்கரியிலிருந்து எடுத்த செயற்கை எண்ணெயையும் நம்பியிருந்தது. 1941 ஜூன் 22 அன்று சோவியத் நாட்டின்மீது பாய்ந்த படை அந்த டிசம்பரில் மாஸ்கோவின் வாசலில் நின்றுபோனது. போர் நீளும் என்று தெரிந்துவிட்டது. நீளும் போருக்கு எண்ணெய் வேண்டும். அதனால்தான் 1942 ஜூன் 28 அன்று தொடங்கிய புதிய தாக்குதல் மாஸ்கோவை விட்டுவிட்டுத் தெற்கே எண்ணெய் வயல்கள் இருந்த காக்கசஸ் மலைப்பகுதியை நோக்கித் திரும்பியது. மைக்கோப், குரோஸ்னி எண்ணெய் கிடைக்காவிட்டால் இந்தப் போரை முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று ஹிட்லர் சொன்னதாக, ஸ்டாலின்கிராடில் படை நடத்திய பவுலஸே பின்னால் நியூரம்பர்க் விசாரணையில் சாட்சி சொன்னார்.

ஸ்டாலின் பெயர் கொண்ட ஊர் என்பதால் ஹிட்லர் குறிவைத்தார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் பிறகு இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் நிற்க ஒரு காரணமாயிற்று. ஆனால் படையை அங்கே கொண்டுபோனது எண்ணெயும் ஆறும். இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் எழுதிய காரணத்தை விரலால் மறைத்துக்கொண்டு, "இது இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா?" என்று கேளுங்கள். பெயரை மறைத்தால் சண்டை வேறு மாதிரி நடந்திருக்கலாம். படை தெற்கே வந்தேதான் இருக்கும். எண்ணெயை மறைத்துப் பாருங்கள், அந்தக் கோடைத் தாக்குதலுக்கே முகாந்திரம் இல்லை.

அடுத்து இரண்டாம் கேள்வி. இங்கே படைத்தலைவர்களின் பெயர்களை விட்டுவிட்டுத் தூரத்தையும் எடையையும் கணக்குப் போடுங்கள். பெர்லினிலிருந்து ஸ்டாலின்கிராட் 2,000 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரமும் ஒரே ரயில் பாதை இல்லை. ஜெர்மனியின் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர், ரஷ்யாவில் 1,524. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். செங்கோட்டைப் பாதையை மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்கு மாற்றியபோது வருடக்கணக்கில் ரயில் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். சண்டை நடக்கும் நாட்டில் பாதையை மாற்றிக்கொண்டே சாப்பாடும் குண்டும் அனுப்புவது எப்படி இருந்திருக்கும் என்று சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அப்புறம் படை எங்கெங்கே நின்றது என்று பரப்பிப் பாருங்கள். நான் சார்ட் பேப்பரில் டான், வோல்கா இரண்டையும் வரைந்து, ஜெர்மன் படைக்குப் புளியங்கொட்டை, ஜெர்மனியோடு சேர்ந்து போரிட்ட ருமேனியப் படைக்கு வேப்பங்கொட்டை, சோவியத் படைக்குச் சிவப்பு மஞ்சாடி விதை வைப்பேன். ஜூலையில் ஹிட்லர் தன் தெற்குப் படையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் காக்கசஸுக்கும் மற்றதை ஸ்டாலின்கிராடுக்கும் ஒரே சமயத்தில் போகச் சொல்லி 23-ஆம் தேதி ஆணையிட்டார். புளியங்கொட்டைகளை இரண்டு கையாலும் பிரித்துத் தள்ளும்போதே நடுவில் எவ்வளவு இடம் வெறுமையாகிறது என்று தெரியும். ஆகஸ்ட் 9-இல் மைக்கோப் விழுந்தது. ஆனால் சோவியத் ஆட்கள் எண்ணெய்க் கிணறுகளை நாசம் செய்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

செப்டம்பர் முதல் புளியங்கொட்டை எல்லாம் ஒரே ஊருக்குள் குவிகிறது. தானியக் கிடங்கு, மமாயேவ் குன்று, செந்நிற அக்டோபர் எஃகு ஆலை என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் சண்டை. சுய்கோவ் தலைமையிலான 62-ஆம் படை, முதுகை வோல்காவுக்குக் கொடுத்து நின்றது. எதிரிக்கு மிக அருகிலேயே இருந்தால் ஜெர்மன் விமானம் தன் ஆட்கள் மேலும் குண்டு விழும் என்று தயங்கும் என்பது சுய்கோவ் கண்ட உபாயம். இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு வருடம் இந்த இடத்தில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஊருக்குள்ள எல்லாரும் போயிட்டாங்க, ஓரத்துல யாரு நிக்கிறா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் சோவியத் தளபதிகள் ஜுக்கோவும் வசிலெவ்ஸ்கியும் கேட்டுக்கொண்டார்கள். ஓரங்களில் நின்றவை வேப்பங்கொட்டைகள்: வடக்கே ருமேனியாவின் மூன்றாம் படை, தெற்கே நான்காம் படை. நீண்ட எல்லை, கையில் டாங்கியைத் தடுக்கும் பெரிய பீரங்கிகள் மிகக் குறைவு. டான் ஆற்றின் தென்கரையில் சில இடங்களைச் சோவியத் படை கைவிடாமல் வைத்திருந்தது. நவம்பர் 19 அன்று அங்கிருந்து பாய்ந்தார்கள். மறுநாள் தெற்கிலிருந்தும். 23-ஆம் தேதி இரண்டு கைகளும் கலாச் அருகே சேர்ந்துகொண்டன. வளையத்துக்குள் ஜெர்மன் தரப்பில் சுமார் 2,50,000 பேர்.

இப்போது "குளிர்" என்ற காரணத்தை விரலால் மறையுங்கள். வளையம் மூடிய பிறகுதான் கொடிய குளிர் வேலையைக் காட்டியது. சுற்றி வளைத்தது திட்டம். பசியோடு சேர்ந்து கொன்றதுதான் குளிர். "பிடிவாதம்" என்பதும் அப்படியே. உடைத்துக்கொண்டு வெளியேற ஹிட்லர் அனுமதிக்காததால் இழப்பு பெருகியது. சண்டை தொடங்கியதற்கு அது காரணமில்லை. இந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் எழுதினாலே உங்கள் விடை தனியாகத் தெரியும்.

விமானத்தில் உணவும் குண்டும் போட்டுவிடலாம் என்று விமானப்படைத் தலைவர் கோரிங் உறுதி கொடுத்தார். நாளுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும் என்று கணக்கு. சராசரியாகப் போய்ச் சேர்ந்தது 100 டன்னை ஒட்டித்தான். வகுப்பில் கட்டாயம் இந்த வகுத்தலைப் போடச் சொல்வேன்: 1,00,000 கிலோவை 2,50,000 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 400 கிராம். அந்த 400 கிராமுக்குள்தான் ரொட்டி, தோட்டா, பெட்ரோல், மருந்து எல்லாம். கணக்கு முடிந்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். விமானம் ஏன் போதவில்லை என்பதற்குத் தேதிக் கட்டத்தைப் பாருங்கள். அதே நவம்பர் 4-இல் எகிப்தில் எல் அலமெய்ன் சண்டை ஜெர்மனிக்குத் தோல்வியாக முடிந்தது, 8-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. ஜெர்மனியின் சரக்கு விமானங்களை டுனீசியாவும் கேட்டது, ஸ்டாலின்கிராடும் கேட்டது. அதனால், ஒரு சண்டையைப் படிக்கும்போது அந்த மாதத்தில் மற்ற முனைகளில் நடந்ததைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதும் பழக்கம் வேண்டும். உலகப்போர் என்பதன் பொருளே அங்கேதான் பிடிபடும்.

1943 ஜனவரி 31 அன்று பவுலஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2-இல் மிச்சமிருந்தவர்களும்.

விளைவுகளை எழுதும்போது பெரிய சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் ஒரு மாதத்தில் வரைபடத்தில் எது நகர்ந்தது என்று கேளுங்கள். காக்கசஸில் இருந்த ஜெர்மன் படை ஜனவரியிலேயே பின்வாங்கத் தொடங்கியது. எண்ணெய்க்காக வந்த படை எண்ணெயில்லாமல் திரும்பியது. இதுதான் முதல் விளைவு, உங்கள் முதல் கேள்வியோடு நேராகப் போய்ச் சேர்கிற விளைவு. அடுத்து, டான் கரையில் நின்ற ருமேனிய, இத்தாலிய, ஹங்கேரியப் படைகள் நொறுங்கின. அந்த அரசுகளுக்கு ஹிட்லர்மீது இருந்த நம்பிக்கை தளர்ந்தது. பிப்ரவரி 18-இல் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பெர்லினில் "முழுப் போர்" என்று அறைகூவல் விட்டார்.

"திருப்புமுனை" என்று எழுதத்தான் வேண்டுமென்றால், எதற்கு எதிராகத் திரும்பியது என்றும் சொல்லுங்கள். மார்ச்சிலேயே ஜெர்மன் படை கார்கிவ் நகரைத் திரும்பப் பிடித்தது. ஜூலையில் கூர்ஸ்க்கில் பெரிய தாக்குதலையும் தொடங்கியது. ஆகவே ஸ்டாலின்கிராடோடு ஜெர்மனியின் பலம் தீர்ந்துவிடவில்லை. சோவியத் நாட்டின் எண்ணெயைப் பிடித்துப் போரை வெல்லும் வழி அடைபட்டது.

விளைவுப் பக்கத்தில் மனிதர்களுக்கு இடம் விடாத நோட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 1942 ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் விமானங்கள் அந்த ஊரை எரித்தபோது குழந்தைகளும் பெண்களும் நிறைய பேர் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். சோவியத் பக்கம் இறந்தும் காணாமலும் போன வீரர்கள் சுமார் 4,78,000. சிறைபிடிக்கப்பட்ட ஜெர்மன் தரப்பினர் சுமார் 91,000. வீடு திரும்பியவர்கள் ஏறக்குறைய 6,000 பேர், கடைசி ஆட்கள் 1955-இல்.

முறை கைவந்ததா என்று பார்க்க பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே தீவுச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் அங்கே என்பதற்கு 1942 ஏப்ரல் 18-இல் 16 அமெரிக்க விமானங்கள் ஜப்பான்மீது குண்டு போட்டதிலிருந்து தொடங்கலாம். பசிபிக்கில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்கும்வரை தலைநகருக்கே ஆபத்து என்று ஜப்பானுக்கு உறைத்த நாள் அது. ஏன் அப்படி முடிந்தது என்பதற்கு, ஜப்பானின் இரகசியக் குறியீட்டை அமெரிக்கர்கள் படித்துவிட்டதையும், அடிபட்ட யார்க்டவுன் கப்பலை மூன்றே நாளில் பழுதுபார்த்து அனுப்பியதையும் பாருங்கள். விளைவுக்கு ஜப்பான் இழந்த நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, ஆகஸ்டில் குவாடல்கனால் தீவில் இறங்கியது யார் என்று தேடுங்கள். நூலை அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரிலிருந்து இழுங்கள்.