பதக்கம் பெற்ற போர் விமானியின் வாழ்க்கையை எழுத லாக் புக்கிலிருந்து தொடங்குங்கள்

அப்பாருவோ அப்புச்சியோ போர் விமானியாக இருந்து வீரப் பதக்கம் வாங்கியவர் என்றால், வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்க வாய்ப்பு அதிகம். பதக்கங்கள், லாக் புக் (ஒவ்வொரு தடவை பறந்ததையும் பைலட் எழுதிவைக்கும் பதிவேடு), கடிதங்கள், நாலைந்து போட்டோக்கள். அவர் வாழ்க்கையை எழுத இதைவிட நல்ல ஆதாரம் வெளியே கிடைக்காது.

பெட்டியை இறக்கியதும் பதக்கத்தைத் தேய்க்கக் கை பரபரக்கும். தேய்க்கவே கூடாது. போர்க்கள வீரத்துக்கு இந்திய அரசு தரும் வீர் சக்ரா வெள்ளி. நடுவிலுள்ள அரசு முத்திரைக்குத் தங்க முலாம். விபூதி, புளி, பாலிஷ் எது போட்டாலும் முலாம் கரையும், எழுத்து மழுங்கும். போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெரும்பாலும் சர்வீஸ் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். வெளிச்சத்தை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். எண்ணுக்குப் பின் எஃப் (பி) என்று இருந்தால் பறக்கும் பிரிவு, பைலட். எண்ணை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல அதிகாரிகள் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான்.

லாக் புக்கை மேசையில் பப்பரப்பா என்று விரித்து அழுத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். இரண்டு ஈரோட்டுத் துண்டுகளைச் சுருட்டி இரு அட்டைக்கும் கீழே அண்டக் கொடுங்கள். ஒட்டிய பக்கங்களைப் பிய்க்காதீர்கள். ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து ஒவ்வொரு பக்கமும், வெற்றுப் பக்கம் உட்பட, படமெடுங்கள். போட்டோக்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக் காகிதம் கெடாமல் பிரிக்க முடியாது.

அடுத்து, லாக் புக்கை எக்ஸெல்லில் வரிக்கு வரி ஏற்றுங்கள்: தேதி, விமான வகை, விமான எண், பைலட், உடன் பறந்தவர், பணி, பகல் நேரம், இரவு நேரம். சுருக்கெழுத்து புரியாவிட்டாலும் உள்ளபடியே எழுதுங்கள். ஊகத்தைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். பலரும் சறுக்குவது நேரத்தில்தான். 1.30 என்பது ஒன்றரை மணியா, ஒரு மணி பதினெட்டு நிமிடமா? புள்ளிக்குப் பின் 60-ஐத் தாண்டும் எண் ஒன்றுகூட இல்லாமல், எல்லாம் ஐந்தைந்தாகவே வந்தால் பெரும்பாலும் நிமிடக் கணக்கு. அப்போது 1.30-உம் 1.45-உம் சேர்ந்தால் 3.15, எக்ஸெல் 2.75 என்று காட்டும். மாதக் கடைசியில் மொத்தம் போட்டு ஸ்குவாட்ரன் (விமானப் படை அணி) தலைவர் கையெழுத்திட்டிருப்பார். உங்கள் கூட்டல் அதோடு பொருந்தினால்தான் அடுத்த மாதத்துக்குப் போங்கள்.

இப்போது பதக்கத்துக்குத் திரும்பலாம். மார்பு நிறைய இருப்பதெல்லாம் வீரப் பதக்கம் அல்ல. பாதி கருநீலம், பாதி காவி ரிப்பன் வீர் சக்ரா. பாதி வெள்ளை, பாதி காவி மகாவீர் சக்ரா. 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக்குப் பச்சிமி ஸ்டார். இவை போரில் பங்கெடுத்ததற்கு. டிசம்பர் 1971 முழுக்க லாக் புக்கில் ஸ்ரீநகர் என்றே இருந்து, பெட்டியில் பூர்வி ஸ்டார் மட்டும் கிடந்தால் பொறித்த பெயரை மறுபடி பாருங்கள். உறவினர் பதக்கம் கலந்திருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காரர் என்றால் ஊதாவும் வெள்ளையும் சாய்கோடாக ஓடும் டி.எஃப்.சி. (விமானிகளுக்கான பிரிட்டிஷ் வீர விருது) ரிப்பனைத் தேடுங்கள். இம்பாலில் 1-ம் ஸ்குவாட்ரனை நடத்திய, பின்னாளில் விமானப் படைத் தளபதியான அர்ஜன் சிங் 1944-இல் வாங்கியது அதுதான். அந்தக் கால விருதுகளைப் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் இணையத்திலேயே தேடலாம். இந்திய விருதுகளுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளம் இருக்கிறது.

விருது அறிவிப்பின் வாசகத்தை அப்படியே எடுத்தாளுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். 2020-இல் நம் சூலூரில் தேஜஸ் போர் விமானம் ஓட்டத் தொடங்கிய 18-ம் ஸ்குவாட்ரன், நிர்மல்ஜித் சிங் செகோனின் ஸ்குவாட்ரன். விமானப் படையில், போர்க்கள வீரத்துக்கான உச்ச விருதான பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. 14.12.1971 அன்று ஸ்ரீநகரைத் தாக்கிய பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை, நாட் என்ற சிறிய போர் விமானத்தில் எதிர்த்தார். ஒன்றின்மேல் குண்டு பட்டது, இன்னொன்று தீப்பற்றியது என்கிறது அறிவிப்பு. ‘இரண்டை வீழ்த்தினார்’ என்று அதை மாற்றினாலே பிழை. அவர் பிறந்த ஆண்டே ஓரிடத்தில் 1943, இன்னோரிடத்தில் 1945. இத்தனை புகழ் பெற்றவருக்கே இப்படி என்றால், உங்கள் வீட்டுக் கதையில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று எழுதியே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டு விமானியோ கூடப் பறந்தவரோ உயிரோடு இருந்தால், “போர் எப்படி இருந்துச்சு?” என்று கேட்காதீர்கள், பத்துப் பேரிடம் சொன்ன பதிலே வரும். லாக் புக்கில் ஒரு பக்கத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து, “ஏனுங்க அப்பாரு, இந்தத் தேதில ரெண்டு தடவ ஏறியிருக்கீங்க. ரெண்டாவது தடவ பக்கத்து விமானத்துல யாருங்க?” என்று கேளுங்கள். ஒலிப்பதிவு ஓடட்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

அசல்களை, நீலமும் கஞ்சியும் போடாமல் இரண்டு தடவை அலசிக் காயவைத்த கோராத் துணியில் தனித்தனியே சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, தரையைத் தொடாமல் வையுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவது நகலாக இருக்கட்டும். வெயில் பட்டால் ரிப்பன் வெளுத்துவிடும்.