பழைய ஜெர்கினும் கோட்டும் வாங்கும்போது லேபிளைக் கடைசியாகப் பாருங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய கம்பளிக் கோட்டுக்கும் ஜெர்கினுக்கும் எப்போதும் ஆள் உண்டு. குளிருக்காக வாங்குபவர் துணியைத் தடவி, தையலை இழுத்துப் பார்த்து வாங்குகிறார். அவர் ஏமாறுவது குறைவு. ‘விண்டேஜ்’, அதாவது பழங்காலப் பெயர்பெற்ற உடுப்பு, தேடி வருபவர் முதலில் காலரைப் புரட்டி லேபிளைப் பார்க்கிறார். அவரைத்தான் ஏமாற்ற முடிகிறது. ஒரு கோட்டில் மிக மலிவாக மாற்றக்கூடியது லேபிள்தான். ஓர் ஊசியும் பத்து நிமிடமும் போதும். துணியையோ உள்தையலையோ அப்படி மாற்ற முடியாது. அதனால் சோதிக்கும் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்: முதலில் துணி, பிறகு உள்தையல், ஜிப்பும் பட்டனும், வாஷ் கேர் லேபிள், எல்லாம் முடிந்த பிறகு பெயர் லேபிள்.

சரக்கு எங்கிருந்து மலையேறுகிறது என்று தெரிந்தால் எந்தப் பொய்யை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். ஒன்று, பேல் (இறுக்கிக் கட்டிய துணிப் பொதி) பிரித்த சரக்கு. வெளிநாட்டுப் பழந்துணியை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்ய முடியாது. கண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தரம் பிரிக்கிறார்கள். பழைய கம்பளியைக் கிழித்து மறுபடி நூலாக்கும் தொழில் பானிப்பட்டில் நடக்கிறது. அங்கங்கே கசிந்து வெளியே வரும் பேல்களில் உண்மையான பழைய உடுப்பும் இருக்கும், லேபிள் மாற்றியதும் இருக்கும். இரண்டாவது, திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியது. அது புதுச் சரக்கு. அதை அப்படியே சொல்லி விற்றால் குறையில்லை; கல் போட்டுத் துவைத்து ‘எண்பதுகளின் சரக்கு’ என்று விற்பதுதான் பிரச்சினை. மூன்றாவது, பழைய பங்களாக்களிலிருந்து வருவது. இதில் துணி உண்மையாக இருக்கும், கதை பெரும்பாலும் பொய்யாக இருக்கும்.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், சிறிய காந்தம், மெல்லிய ஊசி, முடி பிடுங்கும் சாமணம், தீப்பெட்டி. டார்ச்சைக் கண்ணில் அடிக்கக் கூடாது. கடை வெளிச்சத்தில் அது வேலை செய்யாது. கோட்டை மடித்து அதன் உள்ளேயே இருட்டாக்கிப் பாருங்கள்.

துணி

மடிப்புக்குள் இருக்கும் தையல் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் நூல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சாமணத்தில் பிடித்து எரியுங்கள். கம்பளியானால் முடி கருகும் வாடை வரும். நெருப்பை எடுத்ததும் தானே அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் தூளாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கருப்பாகக் கட்டிபடும். பாலியெஸ்டரும் உருகும், கரும்புகையோடு உருண்டையாக இறுகும். பருத்தியானால் காகிதம் எரிந்த வாடை. ‘பியூர் வுல்’ என்று எழுதிய லேபிளின் கீழ் அக்ரிலிக் இருப்பது அடிக்கடி நடக்கும், அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள். நூல் எடுக்க விடாத கடையில் பெயருக்காக அதிக விலை தர வேண்டாம்.

அடுத்து நிறம். உண்மையாகப் பழசான துணி ஒரே மாதிரி வெளுக்காது. தோள், முழங்கை, கைமடிப்பு, பாக்கெட் ஓரம் இவை வெளுத்திருக்கும். காலரின் அடிப்பக்கமும் பாக்கெட் மூடியின் உட்புறமும் ஆழ்ந்த நிறத்தில் நிற்கும். செயற்கையாகப் பழசாக்க டிகாக்ஷனில் முக்குவது எளிய வழி. தேயிலைத் தூளுக்கு இங்கே பஞ்சமில்லை. தேயிலைச் சாயம் பாக்கெட் பை வரை சமமாக ஏறியிருக்கும். பருத்தித் துணி பழுப்பேற, பாலியெஸ்டர் நூலில் சாயம் பிடிக்காது. ஆகவே துணி பழுப்பு, தையல் மட்டும் பளிச்சென்ற வெள்ளை என்றால் முக்கி எடுத்ததுதான்.

மலை ஊரில் வருடக்கணக்காகத் தொங்கிய கோட்டில் ஈரம் தன் கையெழுத்தைப் போட்டிருக்கும்: லைனிங்கில் பூஞ்சைப் புள்ளி, பித்தளை ஜிப்பின் பல்லிடுக்கில் பச்சைக் களிம்பு, கம்பளியில் பூச்சி தின்ற ஓட்டை. வீட்டிலேயே கிடந்தது என்று சொல்லும் கோட்டில் இவை ஒன்றுகூட இல்லையென்றால் அந்த வீட்டைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

லேபிள் தைத்த விதம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

தொழிற்சாலையில் லைனிங் கோட்டோடு சேர்வதற்கு முன்பே லேபிளை லைனிங்கில் தைத்துவிடுவார்கள். ஆகவே லேபிளின் தையல் லைனிங்கை மட்டும் பிடித்திருக்கும். லைனிங்கை இரு விரலால் கிள்ளி வெளித்துணியிலிருந்து தூக்குங்கள்: லேபிள் லைனிங்கோடு தனியாக எழ வேண்டும். உள்ளே இருக்கும் கேன்வாஸோ வெளித்துணியோ சேர்ந்து இழுபட்டால், கோட்டு முடிந்த பிறகு தைத்த லேபிள் அது. காலரின் வெளிப்புறத்தில் சின்னச் சின்னப் புள்ளியாகத் தையல் தெரிந்தாலும் இதே அர்த்தம்.

பிறகு லேபிளின் ஓரத்தை ஊசி முனையால் லேசாகத் தூக்கி அடியில் பாருங்கள். முதலிலிருந்தே அங்கே இருந்த லேபிளின் கீழ்த் துணி, சுற்றியிருக்கும் துணியைவிட அழுக்கு குறைந்து, நிறம் கூடி இருக்கும். லேபிளைச் சுற்றி வேறு அளவில் பழைய ஊசித் துளைகள் ஒரு செவ்வகமாகத் தெரிந்தால், அங்கே வேறொரு லேபிள் குடியிருந்திருக்கிறது. இந்தத் துளைகளை அழிப்பது கஷ்டம். அதனால்தான் பழைய லேபிளைவிடப் பெரிய லேபிளாகப் பார்த்து வைப்பார்கள்.

லேபிளின் நெய்தலையும் லென்ஸில் பாருங்கள். இன்றைய லேபிளை அகலமான தறியில் பாலியெஸ்டர் நூலில் பல வரிசையாக நெய்து, சூட்டால் அறுத்துப் பிரிக்கிறார்கள். அந்த ஓரம் உருகி இறுகி, விரலைச் சொரசொரவென்று உராயும். 1940, 50-களின் லேபிள் ஒடுக்கமான தறியில், பக்கத்துக்கு ஒரு கரையோடு நெய்தது. மேலும் கீழும் மடித்துத் தைத்திருப்பார்கள். ஐம்பதுகளின் கோட்டு என்று சொல்லி, லேபிளின் ஓரம் சூட்டால் அறுத்ததாக இருந்தால் பேச்சு முடிந்தது.

புற ஊதா டார்ச் துணைச்சாட்சி மட்டும்தான். புது நூலில் இருக்கும் வெளுப்பூட்டி நீலமாக ஒளிரும். லைனிங் மங்கியிருக்க லேபிளும் அதைத் தைத்த நூலும் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் சோப்புத் தூளிலும் அதே வெளுப்பூட்டி உண்டு. தண்ணீரில் துவைத்த உடுப்பு முழுக்க ஒளிரும். அங்கே இந்தச் சோதனைக்குப் பலனில்லை. டிரை கிளீன் மட்டுமே செய்த கம்பளிக் கோட்டில்தான் இது நன்றாகப் பேசும்.

வருடம் சொல்லும் சின்னங்கள்

விற்பவர் ஒரு காலத்தைச் சொன்னதும் அந்தக் காலத்தில் இருக்க முடியாத ஒன்றைத் தேடுங்கள். அசல் கம்பளியைக் குறிக்கும் வுல்மார்க் சின்னம் 1964-இல் வந்தது. அமெரிக்காவில் வாஷ் கேர் லேபிள் கட்டாயமானது 1972-இல். ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்று அச்சிட்டிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. லேபிளில் இணையதள முகவரி இருந்தால் தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்கு முன் போக வாய்ப்பில்லை. அமெரிக்கச் சந்தைக்கான உடுப்பில் ‘ஆர்என்’ என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் தளத்தில் அதை இலவசமாகத் தேடி, எண் யாருடையது என்று பார்க்கலாம். இறக்குமதி செய்தவரின் எண்ணாகவும் இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

லீவைஸ் ஜீன்ஸ்: பின்பாக்கெட்டின் ஓரத்தில் பெயரோடு நீட்டியிருக்கும் சிவப்பு டேப் 1936-இல் தொடங்கியது. 1971 வரை அதில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து; அதன் பிறகு ஆங்கில ‘ஈ’ சின்ன எழுத்தானது. ‘பெரிய ஈ’ இருந்தால் விலை பலமடங்கு ஏறுவதால் டேப்பை மட்டும் மாற்றுவது பழைய வித்தை. அந்த நிறுவனமே பழைய மாடல்களைப் பெரிய ‘ஈ’யோடு மறுபடி தயாரித்தும் விற்கிறது. உள்ளே அச்சடித்த துவைப்புக் குறிப்பு இருந்து வெளியே பெரிய ‘ஈ’ இருந்தால், மறுதயாரிப்பு அல்லது டேப் மாற்றியது. டேப்பைப் பிடித்திருக்கும் பாக்கெட் தையலை அங்கு மட்டும் பிரித்துத் திரும்பத் தைத்த தடம் இருக்கிறதா பாருங்கள். எண்பது, தொண்ணூறுகளின் 501 மாடல் ஜீன்ஸில் மேல் பட்டனின் பின்பக்கம் குத்திய எண்ணும் உள்லேபிளில் இருக்கும் தொழிற்சாலை எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போலியில் இரண்டும் பொருந்துவது அரிது. காந்தம் ஒட்டினால் பட்டனின் உள்ளே இரும்பு என்று தெரியும். அசலிலும் அப்படி இருந்ததுண்டு, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது.

பார்பர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மெழுகு ஏற்றிய ஜாக்கெட் நீலகிரி மழைக்குப் பொருத்தமான உடுப்பு, தேடுகிறவர்கள் அதிகம். லேபிளில் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் முத்திரைகளை எண்ணுங்கள். முதல் முத்திரை 1974, இரண்டாவது 1982, மூன்றாவது 1987. மூன்று முத்திரையோடு ‘எழுபதுகளின் ஜாக்கெட்’ என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையான மெழுகுத் துணியை மடித்தால் வெளிர் கோடு விழும், விரலில் லேசான பிசுக்கு ஒட்டும். ரெக்சின் பூச்சு பூசிய போலி மடிப்பில் செதிலாக உரியும்.

பர்பரி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கோட்டில் நேர்மாறான தவறு நடக்கிறது. பெயரின் கடைசியில் ‘எஸ்’ இருந்தால் எழுத்துப்பிழை, போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1999 வரை அந்த நிறுவனத்தின் லேபிளில் ‘பர்பரிஸ்’ என்றுதான் இருந்தது. பழைய கோட்டில் அந்த ‘எஸ்’ இல்லாததுதான் கேள்விக்குரியது.

ஸ்காட்லாந்துக் கம்பளித் துணியான ஹாரிஸ் ட்வீட்டின் உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை 1911 முதல் துணியில் குத்தப்படுகிறது. அது துணிக்குத்தான் சான்று, கோட்டைத் தைத்தவருக்கு அல்ல. தனி லேபிள்கள் கைமாறுவதால் லேபிளை நம்பாமல் நூலைப் பாருங்கள். கம்பளியைச் சாயமேற்றிக் கலந்த பிறகே நூற்பதால், ஒரே இழைக்குள் பல நிற மயிர்கள் லென்ஸில் தெரியும். பச்சைக் கோட்டில் மஞ்சளும் நீலமும் செம்மண் நிறமும் கலந்திருக்கும். ஒவ்வொரு இழையும் ஒற்றை நிறமாக இருந்தால் அது வேறு துணி.

ஜிப் மாற்றியிருப்பது ஏமாற்று ஆகாது. அறுபது வருடக் கோட்டில் ரன்னர் தேய்வது இயல்பு. மாற்றியதைச் சொன்னால் விலையைக் குறைத்து வாங்கலாம்.

‘துரை பங்களாக் கோட்டு’

எஸ்டேட் துரை போட்டது, லண்டனில் தைத்தது என்ற கதை இந்த மலையில் இரண்டாவது லேபிள். அதையும் சோதிக்க வழி உண்டு. லண்டனில் சாவில் ரோ என்ற தெருவின் தையற்காரர்கள் வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் கையால் எழுதி, உள்மார்புப் பாக்கெட்டுக்குள் லேபிளாக வைப்பார்கள், காலரில் அல்ல. பாக்கெட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். விடுதிப் பள்ளிகளிலிருந்து வந்த பிளேசரிலும் ஸ்வெட்டரிலும் பெயர் நெய்த சின்ன நாடா தைத்திருக்கும், அல்லது பிரித்த தடம் இருக்கும். இங்கேயே புழங்கிய பருத்திச் சட்டை, கால்சட்டையின் உள்பட்டியில் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட வண்ணார் குறி இருக்கலாம். அது துவைத்தாலும் போகாது, பொய்யாகப் போட யாரும் மெனக்கெடுவதில்லை. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத கதைக்குத் தனியாகப் பணம் தராதீர்கள். துணிக்கு மட்டும் விலை பேசுங்கள்.

பழைய தோடர் பூத்துக்குளி என்று விற்கப்படும் சால்வைகளையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தோடர் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் இழையை எண்ணி, கோடு வரையாமல், சிவப்பும் கருப்புமாகத் தோடர் பெண்கள் கையால் போடுவது அது. பின்பக்கத்தைத் திருப்புங்கள்: மிஷின் வேலையில் அடிநூல் வெள்ளைக் கோடாக ஓடும், விறைப்புத் தாள் ஒட்டியிருக்கும், ஒவ்வொரு பூவும் அச்சு மாறாமல் இருக்கும். கைவேலையில் அடிநூல் என்ற ஒன்றே கிடையாது. கோணத்திலும் இழுப்பிலும் சின்ன வித்தியாசம் இருக்கும். மிஷின் சால்வையைத் தோடர் வேலை என்று விற்பது அந்தப் பெண்களின் கூலியைத் திருடுவது.

ஆன்லைனில் வாங்கும்போது

இன்ஸ்டாகிராம் கடையில் பணம் போடுவதற்கு முன் இந்தப் படங்களைக் கேளுங்கள்: பெயர் லேபிள் நேராக, அதன் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம், வாஷ் கேர் லேபிளின் இரு பக்கமும், ரன்னரின் பின்பக்கம், பட்டனின் பின்பக்கம், உள்தையல். ஒவ்வொன்றிலும் அன்றைய தேதி எழுதிய துண்டுத்தாள் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வேறொருவர் பக்கத்திலிருந்து எடுத்த படம் வந்துசேரும். “லேபிள் இந்தக் கோட்டுக்கே உரியதா?” என்று எழுத்தில் கேட்டு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். முகவரிச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டுப் பழைய கோட்டை விற்பவரையும் ஏமாற்றுகிறார்கள். “பணம் அனுப்புகிறேன், க்யூஆரை ஸ்கேன் செய்து யூபிஐ பின் நம்பர் போடுங்கள்” என்பார்கள். பணம் பெற யாரும் பின் நம்பர் போடத் தேவையில்லை. போட்டுவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் தடுக்க வாய்ப்பு அந்தச் சில மணி நேரத்தில்தான்.

சிறுகடை நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ (அசலைப் போலவே செய்த நகல்) என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றாலும் குற்றமே. வணிகக் குறிகள் சட்டம் 1999-இன் 104-ஆம் பிரிவு, போலிக் குறி உள்ள பொருளை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. சந்தேகமான லேபிளைப் பிரித்தெடுத்துவிட்டு, துணிக்கு உரிய விலையில் விற்பதே வழி.

வாங்கி ஏமாந்தவர் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கோட்டைத் துவைக்காமல், லேபிளைப் பிரிக்காமல், வந்த கவரோடு வைத்திருங்கள். காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை ஏறி, காட்ட வேண்டிய தையல் தடமே மறைந்துவிடும்.